இளைப்பதற்காகச் சீனத் தேயிலை வாங்கும் அன்பர்களுக்கு

அன்பர்களே,

உடல் இளைக்க வேண்டும், இரத்தத்தில் கொழுப்புக் குறைய வேண்டும், வயிறு உள்ளே போக வேண்டும் என்னும் ஆசைகளோடு, சீன எழுத்துகள் பொறித்த காகிதத்தில் பொதிந்து வரும் பூயர்த் தேயிலையை மிகுந்த விலை கொடுத்து வாங்கி, கஷாயம் குடிக்கும் முகபாவத்தோடு காலையும் மாலையும் விழுங்கி வரும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இம்மடலை வரைகிறேன். உங்களுள் பலர் அதனை ருசித்துக் குடிப்பதில்லை. எடை பார்க்கும் இயந்திரத்தின் மீது ஏறி நின்று, அதன் முள் இடப்புறம் சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே குடிக்கிறீர்கள். முள் சாயாவிட்டால், தேயிலை போலி என்றோ விற்றவன் வஞ்சகன் என்றோ சினந்துகொண்டு, மிச்சத்தைக் குப்பையில் கொட்டிவிடுகிறீர்கள். நானோ அத்தேநீரைப் பலகாலமாக அதன் சுவைக்காகவே பருகி வருபவன். ஆதலால், நல்லதொரு பொருள் இவ்வாறு தவறான காரணத்துக்காக வாங்கப்பட்டுத் தவறான காரணத்துக்காகவே எறியப்படுவதைக் காணப் பொறாமல் எழுதத் துணிந்தேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூயர் மிக உயர்ந்த தேநீர்; ஆனால் அது மருந்து அன்று. கொழுப்பைக் கரைக்கும் என்னும் கீர்த்தி அதற்கு எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது என்று விசாரித்துப் பார்ப்போமானால், அந்தக் கீர்த்தியில் உண்மை எவ்வளவு, பின்னால் வியாபாரிகள் ஒட்டிய சரடு எவ்வளவு என்பது தானே விளங்கும்.

இத்தேயிலையின் ஜன்ம பூமி, சீன தேசத்தின் தென்மேற்குக் கோடியில், பர்மாவையும் லாவோஸையும் வியட்நாமையும் எல்லையாகக் கொண்டு கிடக்கும் யுன்னான் மாநிலம். திபெத்தியப் பீடபூமியில் தோன்றி, மீகாங் என்னும் பெயரோடு இந்தோசீன நாடுகளுக்கெல்லாம் நீரூட்டிக் கடலில் கலக்கும் மகாநதி, இம்மாநிலத்தின் வழியாக ஓடுங்கால் லான்சாங் என்று அழைக்கப்படுகிறது. அந்நதியின் கீழ்க்கரையில் யிவூ, யிபாங், யூலே முதலான புராதன ஆறு தேயிலை மலைகளும், மேற்கரையில் மெங்ஹாய் வட்டாரத்து நன்னுவோ, புலாங் மலைகளும், அவற்றுக்கு வடமேற்கே ஜிங்மாய் மலையும் மூடுபனி சூழ நிற்கின்றன. அங்கே வாழ்வோர் பெரும்பாலும் புலாங், தை, ஹானி, லாஹு, ஜினோ என்னும் இனத்தார். சீன நாகரிகத்தின் தலைநகரங்களுக்கு வெகுதூரத்தில், தம் பாஷையும் தம் தெய்வங்களும் தமக்கென்று உடையவர்களாக வாழ்ந்த அவர்களே இத்தேயிலையின் முதல் உழவர்கள்.

நீலகிரியிலும் இலங்கை மலைநாட்டிலும் கவாத்துச் செய்து இடுப்பளவில் நிறுத்திய தேயிலைச் செடிகளையே பார்த்துப் பழகிய நம் கண்களுக்கு யுன்னானின் பழந்தோட்டங்கள் விசித்திரமாகவே தோன்றும். அங்கே தேயிலை செடியாக அன்றி மரமாக நிற்கிறது. காட்டு மரங்களின் நிழலில், பாசியும் ஒட்டுச் செடிகளும் படர்ந்த கிளைகளோடு வானோக்கி வளர்ந்திருக்க, கொழுந்து பறிப்போர் அதன்மேல் ஏறி நின்று பறிக்கிறார்கள். ஆயினும் அது நமக்கு முற்றிலும் அந்நியமான தாவரமும் அன்று. யுன்னானின் பேரிலைத் தேயிலையும் அஸ்ஸாமின் தேயிலையும் தாவர சாஸ்திரிகளின் கணக்கில் ஒரே வகையைச் சேர்ந்தவை. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் இலங்கையின் லூல்கந்துறையில் தேயிலைத் தோட்டம் தொடங்கிய பிறகு மலைநாட்டில் பரவிய தேயிலையில் பெரும்பகுதி அந்த அஸ்ஸாம் வகையும் அதன் கலப்புகளுமே. ஆகவே, தலைமுறை தலைமுறையாகக் கூடையைத் தலையில் மாட்டிக் கொழுந்து பறித்த நம் மக்களின் கைகள் யுன்னான் இலையின் உறவினத்தை நன்கு அறிந்த கைகளேயாம்.

இத்தேயிலையை முதன்முதல் பயிரிட்டவர் யார் என்று ஆறு மலைகளின் மக்களைக் கேட்டால், மூன்று அரசுகள் காலத்து மகாமந்திரியான ஜூகே லியாங் தென்திசைப் படையெடுப்பின்போது இங்கே வந்து, ஒரு மலையில் சேகண்டியையும் வேறொன்றில் குதிரையின் அங்கவடியையும் மற்றொன்றில் விதைப் பையையும் விட்டுச் சென்றதாகவும், அவற்றாலேயே அம்மலைகள் பெயர் பெற்றதாகவும் ஐதீகம் சொல்வார்கள். அம்மந்திரி அவ்வளவு தெற்கே சென்றதற்குச் சரித்திரச் சான்று இல்லை. ஜிங்மாயின் புலாங் மக்கள் சொல்லும் கதையே என் மனத்துக்கு உகந்தது. அவர்களுடைய ஆதி தலைவன் பா ஐலெங், தன் சந்ததியாருக்கு எதை வைத்துப் போவது என்று ஆலோசித்து, ஆடுமாடுகளை வைத்தால் பஞ்சத்திலும் நோயிலும் மாண்டுவிடும், பொன்னையும் வெள்ளியையும் வைத்தால் செலவழிந்துவிடும் என்று கண்டு, தேயிலை மரங்களை வைத்துச் சென்றானாம். அவன் கணக்குத் தப்பவில்லை. அம்மரக்காடுகளை 2023-இல் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அவற்றின் இலையைப் பறித்தே அம்மக்கள் இன்றும் ஜீவனம் செய்கிறார்கள்.

எழுத்துச் சான்று என்று பார்த்தால், தாங் வம்சத்து அதிகாரியான ஃபான் சுவோ 9ஆம் நூற்றாண்டில் தென்மேற்குப் பிரதேசத்து மக்களைப் பற்றி எழுதிய நூலிலேயே இம்மலைகளின் தேயிலை இடம் பெற்றுவிடுகிறது. அவ்விலையைப் பறித்துப் பக்குவப்படுத்தும் முறை ஏதும் அக்காலத்தில் அங்கு ஏற்படவில்லை என்றும், அதனைக் காரப்பொருளும் இஞ்சியும் பட்டையும் சேர்த்துக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள் என்றும் அவர் குறிக்கிறார். பின்னர் மிங் வம்சத்தின் இறுதிக் காலத்தில், யுன்னானில் உயர்ந்தோரும் எளியோரும் ஒருங்கே அருந்துவது, ஆவியில் வேகவைத்து அழுத்திக் கட்டியாக்கிய இத்தேயிலையே என்று சியே ஜாவோஜே என்னும் ஆசிரியர் எழுதினார். பூயர் என்பது இலை விளைந்த மலையின் பெயரன்று. மலைகளிலிருந்து இறங்கிய தேயிலையெல்லாம் வந்து கூடி, வரி செலுத்தி, மூட்டை கட்டப்பட்டு வெளிதேசம் சென்ற சந்தை ஊரின் பெயர். சிங் வம்சத்து யோங்ஜெங் சக்கரவர்த்தி 1729-இல் அவ்வூரை ஒரு மாவட்டத்தின் தலைமை இடமாக்கித் தேயிலை வியாபாரத்தை அரசாங்கத்தின் பிடியில் கொண்டுவந்த பின்பு, அரண்மனைக்குத் திறையாகவும் இத்தேயிலை ஆண்டுதோறும் பீக்கிங் நகரம் சென்றது.

இனி நம் விசாரணைக்கு வருவோம். பூயர்த் தேயிலையின் மாபெரும் வாடிக்கையாளர் பீக்கிங் பிரபுக்கள் அல்லர், திபெத்து மக்களே. தாலி, லிஜியாங் நகரங்களைக் கடந்து, பனிமூடிய கணவாய்களின் வழியாக லாசா வரையில் சென்ற குதிரைப் பாதையில், கோவேறு கழுதைகளின் முதுகில் மாதக்கணக்காகப் பயணம் செய்ததே இத்தேயிலையின் வாழ்வு. உதிரி இலையாக ஏற்றினால் இடம் அடைக்கும், நொறுங்கும், மழையில் நனையும். ஆகவே ஆவி காட்டி இளக்கி, துணிப்பையில் இட்டு, கல்லின் கீழ் அழுத்தி, வட்டாகவும் செங்கல்லாகவும் கிண்ணமாகவும் உருவாக்கினார்கள். இன்றும் ஒரு வட்டின் நிறை 357 கிராம் என்பது சம்பிரதாயம். ஏழு வட்டுகளை மூங்கில் மடலில் சுற்றிக் கட்டினால் ஒரு கட்டு, ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. இவ்வாறு கட்டிய தேயிலை வழியில் வெயிலில் காய்ந்தும் மழையின் ஈரத்தை உறிஞ்சியும் மாதங்கள் கழித்து லாசாவை அடைந்தபோது, புறப்பட்டபோது இருந்த பச்சைக் கசப்பு நீங்கி, நிறம் கறுத்துக் குணமும் மாறியிருந்தது.

அத்தேநீரைத் திபெத்தியர்கள் எதற்காக விரும்பினார்கள்? காய்கறி அரிதான குளிர்ந்த மேட்டுநிலத்தில், பார்லி மாவும் யாக் எருமையின் இறைச்சியும் வெண்ணெயுமே உணவாக வாழ்ந்த அவர்களுக்கு, அத்துணை நெய்ப்பண்டத்தை உண்டபின் வயிற்றின் பாரத்தைத் தணித்து நாவின் பிசுபிசுப்பைப் போக்கக் கசப்பும் துவர்ப்பும் உடைய சூடான பானம் இன்றியமையாததாக இருந்தது. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள்: அத்தேநீரையே அவர்கள் வெண்ணெயும் உப்பும் இட்டுக் கடைந்துதான் குடித்தார்கள்! உடல் இளைப்பது அவர்கள் நோக்கமன்று. குளிரைத் தாங்கும் கொழுப்பை ஜீரணித்து உடம்பில் நிறுத்துவதே நோக்கம். சாவோ சுவேச்சின் தம் பிரசித்தி பெற்ற நாவலான 'செம்மாளிகைக் கனவி'ல், மாவுப் பலகாரம் உண்டு மந்தமாக இருக்கும் இளவலுக்குப் பூயர்த் தேநீர் கொடுக்கச் சொல்லும் இடமும் இதே சம்பிரதாயத்தைக் காட்டுவது. ஹாங்காங்கில் இன்றும் காலை வேளையில் ஆவியில் வெந்த பன்றி இறைச்சிப் பலகாரங்களோடு இத்தேநீரைப் 'போலெய்' என்று கேட்டு வாங்கிக் குடிப்பதும் அதுவே.

18ஆம் நூற்றாண்டில் ஜாவோ சுவேமின் என்னும் வைத்தியர், பழைய சீன மருந்து நூலில் விடுபட்டவற்றைத் தொகுத்து எழுதிய அனுபந்த நூலில், பூயர் எண்ணெய்ப் பசையையும் மாட்டிறைச்சி ஆட்டிறைச்சியால் வரும் கேட்டையும் நீக்கும் என்று எழுதினார். உங்களுக்குத் தேயிலை விற்பவர்கள் இவ்வாக்கியத்தைத்தான் பலவாறு திரித்துக் காகித உறையில் அச்சிடுகிறார்கள். ஆனால் அதே வைத்தியர் அதே இடத்தில், இதன் இயல்பு கடுமையானது, பலவீனர்கள் இதனைத் தொடலாகாது என்றும் எழுதியிருக்கிறார். அந்தப் பாதியை எந்த உறையிலும் நான் கண்டதில்லை. உண்ட நெய் செமிக்க உதவும் என்பதற்கும், உடம்பில் சேர்ந்துவிட்ட கொழுப்பைக் கரைத்துவிடும் என்பதற்கும் உள்ள தூரம் பூயர் நகரத்துக்கும் லாசாவுக்கும் உள்ள தூரத்தைக் காட்டிலும் பெரிது. முன்னது அனுபவத்தில் கண்ட ஒரு சௌகரியம். பின்னது வியாபாரிகளின் கற்பனை.

தேயிலை செய்யும் முறையையும் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில் பூயர் என்னும் ஒரே பெயரில் உங்களிடம் வருவன இரு வேறு பொருள்கள். பறித்த கொழுந்தைச் சற்றே வாடவிட்டு, இரும்பு வாணலியில் மிதமாக வறுத்து, கையால் உருட்டி, வெயிலில் உலர்த்துகிறார்கள். பச்சைத் தேயிலைக்குச் செய்வதுபோல் இங்கே உஷ்ணத்தை முழுவதும் ஏற்றுவதில்லை. ஆகையால் இலையின் உயிர்ச்சத்துகள் முற்றும் அவிந்துபோகாமல் எஞ்சி நிற்கின்றன. இவ்வெயிற்பக்குவத் தேயிலையை அப்படியே ஆவி காட்டி அழுத்தினால் அது பச்சைப் பூயர்; 'ஷெங்' என்பார்கள். புது அரிசி குழைந்து பழைய அரிசி உதிர்ந்து நிற்பதுபோல், ஆண்டுகள் ஏற ஏற இதன் குணம் மாறும். காற்றும் ஈரமும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் சேர்ந்து பத்து, இருபது வருஷங்களில் செய்யும் மாறுதலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாத வியாபார உலகம், குறுக்கு வழி ஒன்றையும் கண்டுபிடித்தது. 1973-இல் குன்மிங் தேயிலைத் தொழிற்சாலையில் தொடங்கி, மெங்ஹாய் தொழிற்சாலையும் கைக்கொண்ட அம்முறையில், வெயிற்பக்குவத் தேயிலையைக் குவியலாகக் கொட்டி, நீர் தெளித்து, மூடி வைத்து, உள்ளே சூடு ஏறுகையில் புரட்டிப் புரட்டிக் கொடுக்கிறார்கள். ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் முதலான பூஞ்சைகள் அதனைச் சுமார் 45 முதல் 60 நாட்களில் கருநிறமாகப் பக்குவம் செய்துவிடுகின்றன. இது 'ஷூ', அதாவது பக்குவப் பூயர். உங்களுள் பெரும்பாலோர் இளைப்பதற்கென்று வாங்குவது இதனையே. ஆயிரம் ஆண்டுப் பழம்பானம் என்று உறையில் அச்சிட்டிருந்தாலும், இவ்வகையின் வயது ஒரு மனிதனின் ஆயுளுக்கும் குறைவு; இன்றைக்கும் அதனைத் தோற்றுவித்த தலைமுறையினர் சிலர் இருக்கக்கூடும்.

இரண்டின் சுவையும் முற்றிலும் வேறு. இளம் பச்சைப் பூயரை முதலில் நாவில் இட்டவுடன் கசப்பும் துவர்ப்பும் முகத்தைச் சுளிக்கச் செய்யும். நல்ல இலையாயின், விழுங்கிய சில நொடிகளில் அக்கசப்பே தொண்டையின் அடியில் இனிப்பாகத் திரும்பி எழுந்து வெகுநேரம் தங்கும். சீன ரசிகர்கள் ஒரு தேயிலையின் தரத்தை மதிப்பிடுவது முதற்சுவையைக் கொண்டன்று, இவ்விதம் மீண்டு வரும் இனிமையைக் கொண்டே. யிவூ மலையின் இலை மென்மையும் தேனின் சாயலும் உடையது என்றும், புலாங் மலையின் லாவோ பன்ஜாங் கிராமத்து இலை கசப்பில் கடுமையும் இனிமையில் அதற்கேற்ற வீறும் உடையது என்றும் அவர்கள் மலைக்கு மலை குணம் பிரித்துச் சொல்வார்கள். இருபது ஆண்டு கடந்த பச்சைப் பூயரிலோ கற்பூரம், பழைய மரப்பெட்டி, உலர்ந்த மூலிகை ஆகியவற்றின் வாசனை கலந்து, நீர் செம்பழுப்பாகித் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். பக்குவப் பூயரின் நீர் கருஞ்சிவப்பு. மழை பெய்த மண், ஈரமான மரப்பட்டை, உலர்ந்த பேரீச்சம் பழம் ஆகியவற்றை நினைவூட்டும் வாசனை. கசப்பு ஏறக்குறைய இல்லை. வாய் நிறையும் கனம் உண்டு. மீன் நாற்றம் போன்ற ஒரு வாடை சிலவற்றில் வரும். குவியலின் பக்குவத்தில் எழுந்த அவ்வாடை காலப்போக்கில் ஆறிவிடும்; ஆண்டுகள் கழித்தும் ஆறாததை வாங்காதீர்கள்.

இவ்வளவு சுவையையும் நீங்கள் இழப்பதற்குக் காரணம் நீங்கள் தேநீர் தயாரிக்கும் முறையே. ஒரு பிடி இலையை அள்ளிப் பாத்திரத்தில் போட்டு, டிகாக்ஷன் இறக்குவது போலக் கால் மணி நேரம் கொதிக்க வைத்தால், தேவர்களின் அமுதமும் வேப்பங்கஷாயம் ஆகிவிடும். சிறு குடுவை அல்லது மூடியிட்ட பீங்கான் கிண்ணம் ஒன்று போதும். நூறு மில்லி நீர் கொள்ளும் கலத்துக்கு 5 முதல் 7 கிராம் வரை இலை. வட்டிலிருந்து அதனைக் குத்தி உடைக்காமல், ஓரத்தில் மெல்லிய கத்தி நுழைத்து நெம்பி, இலை முறியாமல் பிரிக்க வேண்டும். தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றி, ஐந்தாறு விநாடியில் அம்முதல் நீரைக் கீழே கொட்டிவிடுங்கள். நெடுநாள் கிடந்த தேயிலையின் தூசு கழியவும் இறுகிய இலை தளரவுமே இது. பின்னர் ஊற்றும் நீரைப் பத்து விநாடியில் வடித்துப் பருகுங்கள். அதே இலையில் மீண்டும் ஊற்றுங்கள், மீண்டும் வடியுங்கள். ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் கூட்டிக்கொண்டே போனால் எட்டு, பத்து முறை வரை இலை தளராமல் கொடுக்கும், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சுவையாக. பாலும் சர்க்கரையும் இதில் சேர்ப்பது என் மதத்தில் அபசாரம். உங்கள் மதம் எதுவோ அறியேன்.

ஆரோக்கியத்தைப் பற்றி இனி நேராகவே பேசுவோம். தேநீரில் நன்மை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2019-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' என்னும் விஞ்ஞான இதழில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, பக்குவப் பூயரின் கருநிறத்துக்குக் காரணமான தியாபிரவுனின் என்னும் பொருள், குடலில் வாழும் நுண்ணுயிர்களின் போக்கை மாற்றி, அதன் வழியாகப் பித்த அமிலங்களின் ஓட்டத்தையும் மாற்றி, எலிகளின் இரத்தத்தில் கொலஸ்டிராலைக் குறைக்கிறது என்று காட்டியது. கவனிக்கத்தக்க ஆராய்ச்சிதான். ஆனால் பிரித்தெடுத்த சத்தை எலிக்கு ஊட்டிக் கண்டது ஒன்று, கோப்பையில் தேநீர் ஊற்றிக் குடிக்கும் மனிதனுக்கு நிகழ்வது வேறொன்று. மனிதர்களிடத்துச் செய்யப்பட்ட பரிசோதனைகள் சிறியவை; அவற்றில் கண்ட எடைக் குறைவும் சொற்பமே. விளம்பரக்காரர்கள் எலியின் நன்மையை உங்கள் கணக்கில் வரவு வைக்கிறார்கள்.

உண்மையில் இத்தேநீரால் இளைத்தவர்கள் சிலர் உண்டென்றால், அதன் ரகசியம் எளிது. ஒரு கோப்பை பால் தேநீரில் இரண்டு கரண்டி சர்க்கரை, அதாவது சுமார் 10 கிராம், இடுவோர் அதனாலேயே 40 கலோரி கொள்கிறார்கள். நாளொன்றுக்கு மூன்று கோப்பைக்கு 120 கலோரி, பாலின் கணக்குத் தனி. அம்மூன்றையும் விட்டுப் பாலும் சர்க்கரையும் அற்ற பூயரைப் பருகுவோர், அந்த அளவை உட்கொள்ளாமல் தப்புகிறார்கள். இப்புண்ணியம் யுன்னான் மலைக்கு உரியதன்று. வெறும் நீலகிரித் தேநீரைச் சர்க்கரையின்றிக் குடித்தாலும் கிடைக்கும், செலவும் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

தீங்குகளைப் பற்றி உறை பேசாது, நான் பேசுகிறேன். தேயிலையின் நிறையில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை கஃபீன் உண்டு. எட்டு கிராம் இலையைக் காலை முதல் மாலை வரை மீண்டும் மீண்டும் ஊற்றிக் குடிப்பவர், 160 முதல் 320 மில்லிகிராம் வரையில் கஃபீனை உள்ளே செலுத்திக்கொள்ள இடமுண்டு. ஆரோக்கியமுள்ள பெரியோருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராமும், கர்ப்பவதிகளுக்கு 200 மில்லிகிராமும் எல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்திருக்கிறது. காப்பியும் உடன் பழகியவர்கள் கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். தூக்கம் வராமல் புரண்டுவிட்டு, கொழுப்புக் கரைகிறது என்று எண்ணித் திருப்திப்படுவது பேதைமை.

அதனினும் முக்கியமானது இரத்தசோகை. தேயிலையின் துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காதபடி தடுக்கும் இயல்புடையது. 2019–21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் தேசத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். அத்தகைய பெண்மணி ஒருவர், சோறும் கீரையும் உண்ட கையோடு, கொழுப்புக் கரைவதற்கென்று கருந்தேநீரைக் குடித்தால், கரைவது எது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள். முற்றிய இலையையும் காம்பையும் அழுத்திச் செய்யும் மலிவான செங்கல் தேயிலையில் ஃபுளோரைடு மிகுதி. அதனையே வாழ்நாளெல்லாம் குடித்த திபெத்து வட்டாரங்களில் எலும்பைப் பற்றும் ஃபுளோரைடு நோய் மருத்துவர்களால் கண்டறியப்பட்டது. கிணற்று நீரிலேயே அந்த உப்பு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி முதலான மாவட்டத்து அன்பர்கள் இவ்வகையை நாடாதிருப்பது நலம்.

வட்டின் மேல் பச்சையாகவோ மஞ்சளாகவோ வெள்ளையாகவோ பூசணம் படர்ந்திருந்தால், அது முதிர்ச்சியின் அடையாளம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், எறிந்துவிடுங்கள். சென்னையின் ஐப்பசி ஈரத்தில் இத்தேயிலையைச் சமையலறை அலமாரியில் மசாலாப் பொடிகளின் பக்கத்தில் வைப்போர், சில மாதங்களில் பூயரையன்றிச் சாம்பார்ப் பொடியின் வாசனையையே பருகுவார்கள்.

விலையைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை. 1990-களில் தைவான் சேகரிப்பாளர்கள் பழைய வட்டுகளைத் தேடித் தேடி வாங்கத் தொடங்கிய பின், பூயர் பருகும் பொருளாக இருந்த நிலை மாறிப் பதுக்கி வைக்கும் பொருளாயிற்று. யுன்னானின் சிமாவோ நகரம் தன் பெயரையே பூயர் என்று மாற்றிக்கொண்ட 2007ஆம் ஆண்டிலேயே விலை உச்சத்துக்கு ஏறி, அதே ஆண்டில் சரிந்து, பலரைக் கடனாளிகளாக்கியது. அதன் பின்னர் 2008-இல் சீன அரசாங்கம் தரநிர்ணயம் ஒன்றை வகுத்து, யுன்னானின் குறிப்பிட்ட 11 வட்டாரங்களில் விளைந்த பேரிலைத் தேயிலையைக் கொண்டு, அங்கேயே செய்யப்பட்டது மட்டுமே பூயர் என்று சட்டமாக்கிற்று. ஆயிரம் ஆண்டு மரத்தின் இலை என்று சொல்லி விற்கப்படுவதையெல்லாம் உண்மை என்று கொண்டால், யுன்னானில் அத்தனை மரங்களுக்கு இடம் போதாது.

ஆகவே, அன்பர்களே, உங்களை வேண்டிக்கொள்வது இவ்வளவே. முழு வட்டை வாங்காமல் முதலில் 25 கிராமோ 50 கிராமோ மாதிரி கேட்டு வாங்குங்கள். ஷெங்கா ஷூவா என்றும், எந்த ஆண்டில் எவ்வூரில் செய்தது என்றும் சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் வாங்காதீர்கள். எத்தனை நாளில் எத்தனை கிலோ இளைக்கும் என்று சொல்லத் தெரிந்தவரிடம் கண்டிப்பாக வாங்காதீர்கள். கசப்பு ஒவ்வாதவர்கள் பக்குவப் பூயரிலிருந்து தொடங்குங்கள். வெறும் வயிற்றில் இளம் பச்சைப் பூயர் வேண்டாம். சர்க்கரை வியாதிக்கோ இரத்த அழுத்தத்துக்கோ கொலஸ்டிராலுக்கோ மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை, இத்தேநீரை நம்பி ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். எடை குறையாத கோபத்தில் அலமாரியின் மூலையில் ஒதுக்கிவைத்த வட்டு உங்கள் வீட்டில் இருக்குமாயின், பூசணம் பிடிக்காதிருந்தால் எடுத்து, மேலே சொன்னபடி ஒருமுறை போட்டுக் குடித்துப் பாருங்கள்; பிடிக்காவிட்டால் பிடித்தவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நலம் நாடும் தேநீர்ப் பிரியன்